‘முற்றுகை’ திரைப்படமும் குடியியற் சுதந்திரமும்

பொதுசன ரசனைக்கென ஆக்கப்படும் பரபரப்புத் திரைப்படங்களை ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொள்ளுதல் தகுமா என்னும் ஐயம் எமது பல்கலைக்கழகச் சூழலில் இன்னும் முற்றாக நீங்கிவிடவில்லை. காவியத்தையும் நாவலையும் ஆராயும் கண் கொண்டு ஹொலிவூட் படமொன்றை நோக்குவது காலவிரயம் என்பர் சிலர். ஏகாதிபத்தியத்தின் கலைச் சரக்கு என்ற ஒரே தொடரால் அதனை ஒதுக்கிவிடுவர் வேறு சிலர். இவ்விரு சாராரும் கவனிக்கத் தவறும் உண்மை ஒன்றுண்டு. அரசியலமைப்பைப் படித்து உரிமை என்பது யாதென அறிந்தவர்களைக் காட்டிலும், இருண்ட மண்டபத்தில் இரண்டு மணிநேரம் அமர்ந்திருந்து அதனை அறிந்தவர்களின் தொகை பெரிது. உரிமை எப்போது பறிபோகிறது, அதனைப் பறிப்பவன் எத்தகைய உடை அணிந்திருப்பான், அதனை மீட்பவன் யார் என்பன பற்றிய மனப்படிமங்களை இன்று பெருந்தொகையான மக்களுக்கு வழங்குவது திரைப்படமே. இந்நோக்கில் எட்வேர்ட் சுவிக் நெறிப்படுத்தி 1998 நவம்பரில் வெளிவந்த ‘த சீஜ்’ என்னும் படத்தை இங்கு எடுத்துக்கொள்கின்றோம். வசதி கருதி அதனை ‘முற்றுகை’ எனத் தமிழ்ப்படுத்தி வழங்குவோம்.

இப்படத்துக்குத் தனிப்புகழ் ஒன்றுண்டு. 2001 செப்டெம்பர் 11ஆந் திகதி நியூயோர்க்கின் இரட்டைக் கோபுரங்கள் வீழ்த்தப்பட்டபின், அதனை மூன்றாண்டுகள் முன்னரே உணர்த்திய தீர்க்கதரிசனப் படைப்பு என இது போற்றப்பட்டது. மூலக்கதையை எழுதியவரும் திரைக்கதையாசிரியர் மூவருள் ஒருவருமான லோரன்ஸ் றைற், அல்கைதாவின் தோற்றம் பற்றி 2006இல் விரிவான நூலொன்றை வெளியிட்டு, அதற்கு 2007இல் புலிற்சர் பரிசு பெற்றமையும் இப்புகழுக்கு வலுவூட்டிற்று. இக்கணிப்பை ஏற்க நாம் தயங்குகின்றோம். தாக்குதல் பற்றிப் படம் கூறியது ஓரளவு மெய்யாயிற்று. ஆனால் தாக்குதலின் பின்னர் மக்களின் சுதந்திரம் எவ்வழியால் பறிக்கப்படும் என்பது பற்றி அது கூறியது மெய்யாகவில்லை. சுதந்திரம் பறிக்கப்பட்டது, படம் காட்டிய வழியாலன்று. இத்தவறு கதாசிரியரின் அறியாமையால் நேர்ந்ததன்று, பரபரப்புப் படம் என்னும் வடிவமே அதனை வேண்டி நின்றது என்பது எமது கருத்து.

கதையைச் சுருக்கமாகக் கூறலாம். ஷேக் அகமத் பின் தலால் என்னும் மதத்தலைவரை அமெரிக்கப் படையினர் இரகசியமாகக் கடத்திச் சிறைவைக்கின்றனர். அவரை விடுவிக்குமாறு கோரி நியூயோர்க் நகரில் தாக்குதல்கள் தொடங்குகின்றன. முதலில் ஒரு பஸ்வண்டியில் நீலவர்ணச் சாயம் மட்டும் சிதறும் போலிக்குண்டு வெடிக்கிறது. அடுத்து, புரூக்ளினில் பயணிகளோடு மறிக்கப்பட்ட பஸ்ஸில் மெய்யான குண்டு. பேச்சுவார்த்தையின் பயனாகப் பிள்ளைகள் விடுவிக்கப்படுகின்றனர், எஞ்சியோர் தொலைக்காட்சிக் கமராக்கள் வந்து சேர்ந்தபின் கொல்லப்படுகின்றனர். பின்னர் ஒரு நாடக அரங்கு. இறுதியாக எப்.பி.ஐ. எனப்படும் சமஷ்டிப் புலனாய்வுப் பணியகத்தின் நியூயோர்க் தலைமையகமே தகர்க்கப்பட, அறுநூறுக்கு மேற்பட்டோர் மடிகின்றனர். ஜனாதிபதி இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்ய, ஜெனரல் டெவெரோவின் தலைமையில் படை புரூக்ளினுள் நுழைகிறது. பகுதி முழுவதும் அடைக்கப்படுகிறது. வீடு வீடாகத் தேடுதல் நிகழ்கிறது. அரபு இளைஞர்கள் திரட்டப்பட்டு விளையாட்டரங்கொன்றில் முட்கம்பிகளுக்குள் அடைக்கப்படுகின்றனர். தாரிக் ஹுசைனி என்னும் கைதி சித்திரவதை செய்யப்பட்டுக் கொல்லப்படுகிறான். இவற்றை எதிர்த்து நிற்பவன் எப்.பி.ஐ. அதிகாரி ஹபார்ட். அவன் கடைசிக் குண்டுதாரியைத் தடுத்த பின்னர், நீதிமன்றப் பிடியாணையுடன் சென்று ஜெனரலைக் கைதுசெய்கிறான். இராணுவச் சட்டம் நீங்குகிறது, அடைக்கப்பட்டோர் வெளியேறுகின்றனர். ஹபார்ட்டாக டென்சில் வொஷிங்டனும், ஜெனரலாக புரூஸ் விலிஸும், சீ.ஐ.ஏ. முகவர் எலீஸாக அனெற் பெனிங்கும், லெபனான் வழிவந்த அதிகாரி பிராங் ஹடாட்டாக ரொனி ஷலூப்பும் நடித்துள்ளனர்.

இத்தகைய கதைச்சுருக்கம் படத்துக்கு அநீதி செய்வதாகும். அதன் காலத்துப் படங்களோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேலானது. நான்கு ஆண்டுகள் முன்னர் ஜேம்ஸ் கமரூன் எடுத்த ‘ட்ரூ லைஸ்’ படத்தில் அரபுப் பயங்கரவாதிகள் கோமாளிகளாகவும் வெறியர்களாகவும் வந்து போவர். அவர்களுக்கு வரலாறு இல்லை, காரணமும் இல்லை. ‘முற்றுகை’ காரணத்தைக் கேட்கிறது. படத்தின் பிற்பகுதியில் எலீஸ் ஒரு உண்மையை ஒப்புக்கொள்கிறாள். ஷேக்கின் சீடர்களுக்கு வட ஈராக்கில் குண்டுசெய்யும் கலையைக் கற்பித்தவள் அவளே. சதாம் ஹுசைனுக்கு எதிராக அவர்களை ஏவிவிட்டு, கொள்கை மாறியபோது கைவிட்டது அவளது நிறுவனம். குற்றவுணர்வால் அவர்கள் அமெரிக்காவுக்குள் நுழைய விசா ஏற்பாடு செய்தவளும் அவளே. வட ஈராக்கில் சீ.ஐ.ஏ. நடத்திய முயற்சி, 1996 ஆகஸ்ட் இறுதியில் சதாமின் படைகள் எர்பில் நகரினுள் நுழைந்தபோது சிதைந்தமை எவரும் அறிந்த செய்தி. ஷேக்கின் பாத்திரத்துக்கும் முன்மாதிரி தேடி அலைய வேண்டியதில்லை. எகிப்திய மதபோதகர் உமர் அப்துல் ரஹ்மான் கண்காணிப்புப் பட்டியலில் இருந்தும் 1990இல் சூடானில் அமெரிக்க விசா பெற்றவர். நியூயோர்க் நகரின் முக்கிய இடங்களைத் தகர்க்கச் சதிசெய்தார் என 1995இல் குற்றவாளியாகக் காணப்பட்டு, ஆயுட்சிறை அனுபவித்து, 2017இல் சிறையிலேயே இறந்தார். புரூக்ளின் கதைக்களமானதும் தற்செயலன்று. 1980களில் ஆப்கானிஸ்தான் போருக்கு ஆளும் பணமும் திரட்டிய நிலையமொன்று அங்குள்ள அட்லான்ரிக் அவெனியூவில் வெளிப்படையாகவே இயங்கிற்று. சோவியத் படைகளுக்கு எதிரான போர் வொஷிங்டனின் ஆசி பெற்றதாகையால் அதனை எவரும் தடுக்க முனையவில்லை.

ஹொலிவூட்டின் பெரிய நிறுவனமொன்று தனது பணத்தைக் கொட்டி எடுத்த படத்தில், இக்குண்டுகள் எமது பட்டறையிலேயே செய்யப்பட்டவை என ஒரு பாத்திரம் வாய்திறந்து கூறுவது சாதாரணமன்று. ஆயினும் எலீஸின் கூற்று எவ்விடத்தில் வைக்கப்பட்டுள்ளது என்பதையும் நாம் நோக்கல் வேண்டும். அது ஒரு பெண்ணின் மனச்சாட்சிப் போராட்டமாக, ஒரு தனிநபரின் குற்றவுணர்வாக வருகிறது. ஓர் அரசின் கொள்கை ஒருத்தியின் பாவமாகச் சுருங்கிவிடுகிறது. முடிவில் அவள் குண்டடிபட்டு இறக்கும்போது அப்பாவமும் கழுவப்பட்டுவிடுகிறது. கொள்கை வகுத்தவர்களின் முகம் திரையில் தோன்றுவதே இல்லை.

படம் வெளியானபோதே அமெரிக்க அரபு அமைப்புக்களும் முஸ்லிம் அமைப்புக்களும் எதிர்ப்புத் தெரிவித்தன. தொழுகைக்கு முன் செய்யும் அங்கசுத்தியையும் குண்டு வெடிப்பையும் அடுத்தடுத்துக் காட்டுவது ஒரு மதத்தவரின் அன்றாட வழிபாட்டையே அச்சத்தின் அடையாளமாக்குகிறது என்பது அவர்களின் முறைப்பாடு. அரபு மக்களின் உரிமைகளுக்காக வாதாடும் படமன்றோ இது, இவர்கள் ஏன் கோபங்கொள்கின்றனர் எனச் சில விமரிசகர் வியந்தனர். எமக்கு அதில் வியப்பில்லை. இப்படத்தில் வசனம் ஒன்றைக் கூறுகிறது, கதைப்பின்னல் வேறொன்றைச் செய்கிறது. எல்லா அரபியரும் குற்றவாளிகள் அல்லர் என்று வசனம் வற்புறுத்துகிறது. கதைப்பின்னலோ சமீர் என்னும் பாத்திரத்தைப் படைத்து அவ்வசனத்தின் வேரை அறுத்துவிடுகிறது. சமீர் பலஸ்தீனன். புரூக்ளின் கல்லூரியில் கற்பிப்பவன், மென்மையானவன், எலீஸின் காதலன், அவளுக்குத் தகவல் தருபவன். பார்வையாளன் நம்பக்கூடிய அரபியன் யாரெனில் இவனே. இறுதியில் கடைசிக் குண்டைத் தன் உடலிற் கட்டிக்கொண்டு நிற்பவனும் இவனே. அதுவும் எங்கே? இராணுவ முற்றுகையைக் கண்டித்துப் பல இன மக்களும் ஒன்றுகூடிச் செல்லும் ஊர்வலத்தை நோக்கி அவன் செல்கிறான். திடுக்கிடும் திருப்பம் பரபரப்புப் படத்தின் உயிர்நாடி. எவன்மீது ஐயம் எழவில்லையோ அவனே குற்றவாளியாதல் துப்பறியும் கதையின் பழைய உத்தி. அகதா கிறிஸ்ரியின் மாளிகையொன்றில் அவ்வுத்தி தீங்கற்றது. ஆனால் ஒரு சமூகம் முழுவதும் ஐயத்துக்குள்ளாகி நிற்கும் வேளையில், மிக நல்லவனாகத் தோன்றுபவனையும் நம்பாதே என்பதே அவ்வுத்தியின் அரசியற் பொருளாகிறது. ஜெனரல் டெவெரோ செய்ததும் அதுவன்றி வேறென்ன? நல்லவன் யார், தீயவன் யார் எனப் பிரித்தறிய முடியாது, ஆகவே எல்லோரையும் அடை என்றான். அவனது நடவடிக்கையைப் படம் கண்டிக்கிறது, அவனது தர்க்கத்தைப் படத்தின் முடிவு மெய்ப்பிக்கிறது. ஜக் ஷஹீன் 900க்கு மேற்பட்ட ஹொலிவூட் படங்களை ஆராய்ந்து 2001இல் வெளியிட்ட நூலில் அரபியர் சித்திரிக்கப்பட்ட முறைமையை எடுத்துக்காட்டினார். அவ்வரிசையில் ‘முற்றுகை’ ஒரு விசேட இனம். அனுதாபத்துடன் செய்யப்படும் அவதூறு வெறுப்புடன் செய்யப்படுவதைவிடக் கண்டறியக் கடினமானது.

பிராங் ஹடாட்டின் பாத்திரம் வேறு. படத்தின் உண்மையான கண்டுபிடிப்பு அதுவே என்போம். அவன் அரசின் அடையாளச் சின்னத்தை இடுப்பில் அணிந்தவன். இருபதாண்டுக் கனவு, சொந்த வீடு, அமெரிக்கப் பெயர் கொண்ட மகன். தேடுதலின்போது அந்த மகனையே படையினர் பிடித்துச் சென்றுவிடுகின்றனர். முட்கம்பிகளுக்குள் மகனைத் தேடி அலையும் தந்தை அச்சின்னத்தைக் கழற்றி எறிகிறான். ரொனி ஷலூப் இவ்விடத்தில் காட்டும் சினமும் நாணமும் கலந்த முகபாவம், ஹபார்ட்டின் சொற்பொழிவுகள் அனைத்திலும் பார்க்க ஆழமாக நெஞ்சில் இறங்குகிறது. குடியுரிமை என்பது ஒரு தாளில் எழுதப்பட்ட வாக்குறுதியே என்பதை அவன் அறிந்துகொள்ளும் கணம் அது. 1942 பெப்ரவரி 19ஆந் திகதி றூஸ்வெல்ற் ஒப்பமிட்ட நிர்வாகக் கட்டளை 9066இன் கீழ் ஏறத்தாழ 120,000 யப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டபோது, அவர்களுள் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். லொஸ் ஏஞ்சல்ஸுக்கு அண்மையிலுள்ள சான்ரா அனிற்றா குதிரைப் பந்தயத் திடலில் குதிரை கட்டும் கொட்டில்களில் அவர்களுட் பலர் தங்கவைக்கப்பட்டனர். 1944இல் உயர் நீதிமன்றம் கொறமற்சு வழக்கில் அவ்வெளியேற்றம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. நாடு மன்னிப்புக் கேட்டது 1988இல். விளையாட்டரங்கு சிறையாகும் காட்சி, 1973 செப்டெம்பரில் சிலி நாட்டின் சந்தியாகோ அரங்கில் நிகழ்ந்ததையும் எம் மனத்தில் எழுப்பாமல் விடாது. படத்தை எடுத்தவர்கள் இவற்றை அறியாதவர்களல்லர். ஆனால் இவ்வரலாறு முழுவதும் காட்சியின் பின்னணிச் சாயலாக நின்றுவிடுகிறதேயன்றி, கதையின் காரணகாரியத் தொடரினுள் நுழையவில்லை. யப்பானியரை அடைத்தவன் கட்டுமீறிய ஜெனரல் ஒருவனல்லன் என்பதை அது நினைவூட்டியிருக்கும். அடைத்தது மக்களால் தெரிவுசெய்யப்பட்ட ஜனாதிபதி, அதனை ஏற்றது நீதிமன்றம்.

சித்திரவதைக் காட்சிக்கு வருவோம். தாரிக் ஹுசைனி நிர்வாணமாக அமர்த்தப்பட்டிருக்கிறான். எவ்வெவ் முறைகளைக் கையாளலாம் என டெவெரோவும் எலீஸும் உணர்ச்சியற்ற தொழில்நுட்பக் குரலில் உரையாடுகின்றனர். எதிரி வேண்டுவது இதனையேயெனின் என்செய்வோம், பிள்ளைகளை அரங்கில் அடைத்து இவனையும் வதைத்தால் நாம் எதற்காகப் போராடினோமோ அது அத்தனையும் இழக்கப்பட்டு அவர்களே வென்றவராவர் என்று ஹபார்ட் வாதிடுகிறான். இப்படத்திலிருந்து பெரிதும் எடுத்தாளப்பட்ட பகுதி இது. வாதம் உயர்ந்ததே. எனினும் அதில் வதைபடுபவன் எங்கே இருக்கிறான் எனத் தேடிப் பார்த்தல் வேண்டும். ‘நாம்’ யாராக மாறிவிடுவோம் என்பதே ஹபார்ட்டின் கவலை. தாரிக்கின் உடல் அக்கவலைக்கு ஒரு சந்தர்ப்பம் மட்டுமே. அவனுக்கு ஒரு வீடு உண்டா, தாய் உண்டா என்பதைப் படம் எமக்குக் கூறவில்லை. ஒரு நேர்மையை மட்டும் நாம் பாராட்டியே ஆகவேண்டும். தாரிக்கின் சாவால் எப்பயனும் விளையவில்லை. ஒவ்வொரு குழுவும் மற்றக் குழுவை அறியாவாறு அமைக்கப்பட்டிருந்தமையால் அவனிடம் கூறுவதற்கு ஏதுமிருக்கவில்லை என எலீஸே கூறுகிறாள். இப்படத்தை வெளியிட்ட பொக்ஸ் நிறுவனக் குடும்பத்தின் தொலைக்காட்சி, படம் வெளிவந்து சரியாக மூன்றாண்டு நிறைந்த 2001 நவம்பர் 6ஆந் திகதி ‘24’ என்னும் தொடரைத் தொடங்கிற்று. அதில் சித்திரவதை ஏறக்குறைய எப்போதும் பயன் தந்தது, கடிகாரம் ஓடிமுடியுமுன்னர் கைதி வாய்திறந்தான். அத்தொடரைப் பார்த்துப் படைமாணவர் கெட்டுப்போகின்றனர் என முறையிட 2006இல் வெஸ்ற் பொயின்ற் இராணுவக் கல்லூரியின் பீடாதிபதி படப்பிடிப்புத் தளத்துக்கே செல்ல நேர்ந்தது. கற்பனை ஜெனரலைத் திருத்த மெய்யான ஜெனரல் ஒருவர் புறப்பட்ட வேடிக்கை இது.

ஜெனரல் டெவெரோவின் பாத்திரம் தொடக்கத்தில் சுவையானது. நகருக்குள் படையை அனுப்பவேண்டாம் என அரசியல்வாதிகளை முதலில் எச்சரிப்பவன் அவனே. இராணுவம் நுண்ணிய அறுவைக்கத்தியன்று, பட்டயம் என்பது அவனது எச்சரிக்கையின் சாரம். இவ்விடத்தில் படம் ஓர் உண்மையின் வாயிலில் நிற்கிறது. பிழை படைவீரனுடையதன்று, அவனை அழைப்பவர்களுடையது என்பதே அவ்வுண்மை. ஜில்லோ பொன்ரெகோர்வோ 1966இல் எடுத்த ‘அல்ஜியர்ஸ் போர்’ திரைப்படம் அவ்வாயிலைக் கடந்து உள்ளே சென்றது. அதில் வரும் கேணல் மத்தியூ அரக்கனல்லன், பண்பாளன். பத்திரிகையாளர் சித்திரவதை பற்றி வினவும்போது அவன் வினாவைத் திருப்பிப் போடுகிறான்: அல்ஜீரியாவில் பிரான்ஸ் இருக்கவேண்டுமா? ஆமெனில் அதன் விளைவுகளையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அப்படத்தின் பின்னே மெய்யான வரலாறு ஒன்றுண்டு. 1957 ஜனவரியில் அல்ஜியர்ஸ் நகரில் பொலிஸ் அதிகாரம் ஜெனரல் மசுவின் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்கு வழிவகுத்தது 1956 மார்ச்சில் பிரெஞ்சு நாடாளுமன்றம் நிறைவேற்றிய விசேட அதிகாரச் சட்டம். சோஷலிஸ்ற் பிரதமர் ஒருவரின் அரசு அதனைக் கொண்டுவந்தது. கம்யூனிஸ்ற் கட்சி உறுப்பினரும் அதற்கு ஆதரவாகக் கையுயர்த்தினர். முற்போக்காளர் மறக்க விரும்பும் செய்தி இது, மறத்தலாகாது.

‘முற்றுகை’ அவ்வாயிலிலிருந்து திரும்பிவிடுகிறது. படை நகருக்குள் புகுந்ததும் எச்சரித்த டெவெரோ மறைந்து, சட்டத்தைத் தானே எனக் கருதும் டெவெரோ தோன்றுகிறான். ஷேக்கை இரகசியமாகக் கடத்தியவனும் அவனே என வெளியாகிறது. இம்மாற்றத்துக்கு உளவியற் காரணம் எதுவும் காட்டப்படவில்லை. கதைக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டான், அவ்வளவே. வில்லன் இருந்தாற்றான் இறுதிக்காட்சி உண்டு. எப்.பி.ஐ. அதிகாரிகளும் படைவீரர்களும் ஒருவரை நோக்கி ஒருவர் துப்பாக்கி நீட்டி நிற்க, கைதிக்குரிய உரிமைகளை ஹபார்ட் ஒவ்வொன்றாக உரைத்து ஜெனரலைப் பணியவைக்கும் காட்சி அரங்கில் கைதட்டல் பெறக்கூடியது. கைதட்டல் ஓய்ந்தபின் ஒரு கேள்வி எழவேண்டும். இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்த ஜனாதிபதியை யார் கைதுசெய்வது? அக்கேள்வி எழாதவாறு பார்த்துக்கொள்வதற்கே அக்காட்சி அத்துணை விறுவிறுப்பாக அமைக்கப்பட்டுள்ளதோ என எண்ணத் தோன்றுகிறது.

மெய்யாக நிகழ்ந்தவற்றை இனி நோக்குவோம். 2001 செப்டெம்பரில் மூவாயிரம் பேரளவில் கொல்லப்பட்டபின் புரூக்ளினில் இராணுவச் சட்டம் பிரகடனஞ் செய்யப்படவில்லை. எந்த ஜெனரலும் அட்லான்ரிக் அவெனியூவை அடைக்கவில்லை. ஒக்டோபர் 26ஆந் திகதி ‘பேற்றியற் சட்டம்’ என வழங்கும் தேசபக்திச் சட்டம் ஒப்பமிடப்பட்டது. செனட் சபையில் அதற்கு ஆதரவு 98, எதிர்ப்பு 1. விஸ்கொன்சின் மாநிலத்து றஸ் பைன்கோல்ட் ஒருவரே எதிர்த்து வாக்களித்தார். நாலாண்டில் முடிவடையும் எனக் கூறப்பட்ட 16 ஏற்பாடுகளுள் 14 ஏற்பாடுகள் 2006இல் நிரந்தரமாக்கப்பட்டன. தற்காலிகம் என்ற சொல்லின் ஆயுள் பற்றி எமக்குப் பிறர் கற்பிக்கவேண்டியதில்லை. மூன்றாண்டுக்கென 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் எங்ஙனம் நிரந்தரமாயிற்று என்பதை எமது வாசகர் அறிவர். பேற்றியற் சட்டத்தின் 215ஆம் பிரிவைக் கொண்டு கோடிக்கணக்கானோரின் தொலைபேசித் தொடர்புப் பதிவுகள் திரட்டப்பட்டமை 2013இல் எட்வேர்ட் ஸ்நோடன் வெளியிட்ட ஆவணங்களால் வெளிச்சத்துக்கு வந்தது. இதனை எந்தக் கமராவாலும் படமெடுக்க இயலாது.

மனிதர் அடைக்கப்படவும் செய்தனர். செப்டெம்பர் 11 விசாரணையின் பெயரால் குடிவரவுச் சட்ட மீறல்களுக்காகத் தடுத்துவைக்கப்பட்ட 762 வெளிநாட்டவர் பற்றி நீதித் திணைக்களத்தின் தலைமைப் பரிசோதகரே 2003இல் அறிக்கை வெளியிட்டார். அவர்களுள் 84 பேர் வைக்கப்பட்டிருந்த இடம் விளையாட்டரங்கன்று, புரூக்ளினிலேயே அமைந்த மாநகரத் தடுப்பு நிலையம். அவர்கள் நாளுக்கு 23 மணிநேரம் அடைபட்டிருந்தனர், சுவரில் மோதப்பட்டனர், சட்டத்தரணியுடன் பேச இயலாது தவித்தனர் என அவ்வறிக்கை கூறிற்று. 2002இல் தொடங்கிய விசேட பதிவுத்திட்டத்தின் கீழ், 25 நாடுகளைச் சேர்ந்த 16 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் அலுவலகங்களுக்குத் தாமாகவே சென்று வரிசையில் நின்று பெயர் பதிந்தனர். அந்நாடுகளுள் ஒன்று தவிர ஏனையவை முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழ்பவை. பதிந்தோர் 80,000க்கு மேல், நாடுகடத்தல் நடவடிக்கைக்கு உட்பட்டோர் 13,000க்கு மேல். கோனி ஐலண்ட் அவெனியூவில் பாகிஸ்தானியர் கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஒரு துப்பாக்கி வேட்டுத்தானும் தீரவில்லை.

இவற்றை நிறைவேற்றியவர் யார்? குடிவரவு அதிகாரிகளும், படத்தில் குடியியற் சுதந்திரத்தின் காவலனாக வரும் அதே எப்.பி.ஐ.யும். எவரெவர் ஐயத்துக்குரியவர், எவரை எப்போது விடுவிக்கலாம் என்பன அப்பணியகத்தின் ஒப்புதலைப் பொறுத்திருந்தன. அப்பணியகத்தின் பழைய வரலாற்றை அறிந்தவர்களுக்கு இது புதுமையன்று. 1919–20இல் தீவிரவாதிகள் எனக் கூறிக் குடியேறிகள் ஆயிரக்கணக்கில் வேட்டையாடப்பட்ட பாமர் சோதனைகளில் இளம் எட்கார் ஹூவர் பயிற்சி பெற்றார். 1956 முதல் 1971 வரை நடைபெற்ற ‘கொயின்ரெல்புறோ’ இரகசியத் திட்டத்தின் கீழ் கறுப்பின விடுதலை இயக்கங்களும் இடதுசாரி இயக்கங்களும் உளவறியப்பட்டுக் குலைக்கப்பட்டன. மார்ட்டின் லூதர் கிங்கின் அறைகளிலேயே ஒட்டுக்கேட்கும் கருவிகள் பொருத்தப்பட்டன. 1975–76இல் செனட் சபையின் சேர்ச் குழு இவற்றை விரிவாகப் பதிவுசெய்தது. இவ்வரலாற்றை மனத்திற் கொண்டு, அரசியலமைப்பின் பெயரால் பேசும் எப்.பி.ஐ. அதிகாரியாக ஒரு கறுப்பின நடிகரை நிறுத்தியமையை நோக்கவேண்டும். டென்சில் வொஷிங்டனின் கண்ணியமான தோற்றமும் குரலும், அவருக்குப் பின்னால் எம் நினைவில் எழும் கறுப்பின மக்களின் போராட்ட வரலாறும் சேர்ந்து அப்பணியகத்துக்கு அது ஈட்டாத நற்பெயரைக் கடனாக வழங்குகின்றன. நெறியாளர் இதனைத் திட்டமிட்டுச் செய்தார் என நாம் கூறவில்லை. ‘குளோறி’ போன்ற படத்தில் கறுப்பினப் படைவீரரின் தியாகத்தை மதிப்புடன் காட்டியவர் அவர். ஆனால் தீய இராணுவம், நல்ல பொலிஸ் எனப் பிரிக்கும் கதையமைப்பு, குற்றவாளியைத் தேடுமாறு எம்மைப் பிழையான திசைக்குத் திருப்பிவிடுகிறது. டாங்கி வரும் வழியையே பார்த்திருந்தவன், வரிசையில் நிற்கும் ஆண்களைக் கண்டும் காணாதவனாகிறான். இராணுவச் சட்டம் வரவில்லையே, ஆகவே சுதந்திரம் தப்பிற்று என அவனால் நிம்மதியடைய முடிகிறது. தீர்க்கதரிசனம் எனப் போற்றப்பட்ட படம் இவ்வாறு கண்ணை மறைக்கவும் உதவிற்று.

சட்டமும் கோப்பும் படிவமும் கண்ணுக்குத் தெரியா, திரைக்கலை கண்ணுக்குத் தெரிவதையே நாடும், ஆகவே டாங்கி தவிர்க்கமுடியாதது எனச் சிலர் வாதிடக்கூடும். இதற்கு விடை 1975இலேயே கிடைத்துவிட்டது. ஹைன்றிக் போலின் நாவலைத் தழுவி போல்கர் ஷ்லோண்டோர்வ், மார்கரெத்த பொன் த்றொத்தா ஆகிய இருவரும் நெறிப்படுத்திய ‘கத்தரீனா புளூமின் இழந்த மானம்’ மேற்கு ஜெர்மனியில் பயங்கரவாத அச்சம் உச்சத்திலிருந்த காலத்தது. தேடப்படும் ஒருவனுடன் ஓர் இரவைக் கழித்தாள் என்பதே வீட்டுவேலை செய்து வாழும் கத்தரீனாவின் குற்றம். ஆயுதந்தரித்த பொலிஸார் அவளது வீட்டுக்குள் புகும் காட்சி அதிலும் உண்டு. ஆனால் அவளை அழிப்பது அக்காட்சியன்று. விசாரணை அறையில் தட்டச்சுப் பொறியின் முன் கேட்கப்படும் சாதாரணக் கேள்விகள், பொலிஸார் கசியவிடும் தகவல்கள், அவற்றைத் திரித்து மறுநாட் காலை வீடு வீடாகச் சேர்க்கும் பத்திரிகை, அப்பத்திரிகையைப் படித்துவிட்டு அநாமதேயக் கடிதங்கள் எழுதும் அயலவர் ஆகியனவே அவளை அழிக்கின்றன. எவரும் சட்டத்தை மீறவில்லை. ஆகவே பிடியாணையோடு வந்து கைதுசெய்யவும் ஒருவருமில்லை. அவளே துப்பாக்கியை எடுக்கிறாள். கொல்லப்பட்ட பத்திரிகையாளனின் மரணச்சடங்கில் பத்திரிகைச் சுதந்திரம் பற்றி முதலாளி ஆற்றும் உரையோடு படம் முடிகிறது. அப்படத்தைப் பார்த்தவன் தன் கைகளையும் ஒருமுறை நோக்கிக்கொள்வான், அன்று காலை அவனும் பத்திரிகை வாங்கியிருப்பான். ‘முற்றுகை’யைப் பார்த்தவனுக்கு அத்தொல்லை இல்லை.

‘முற்றுகை’யின் கடைசிக் காட்சிகளில் அடைக்கப்பட்டோர் வெளியேறுகின்றனர், பிராங் ஹடாட்டின் மகனும் அவர்களுள் ஒருவன். புரூக்ளின் தடுப்பு நிலையத்திலிருந்து வெளியேறியவர்களுட் பலர் நேரே விமானங்களில் ஏற்றப்பட்டு, அவர்கள் விட்டுவந்த நாடுகளுக்கே திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்களுட் சிலர், தம்மை அந்நிலைக்குள்ளாக்கிய முன்னாள் சட்டமா அதிபர் மீதும் எப்.பி.ஐ.யின் முன்னாள் தலைவர் மீதும் நட்டஈடு கோரி 2002இல் தொடுத்த வழக்கு பதினைந்தாண்டுகள் நடந்தது. 2017 ஜூனில் உயர் நீதிமன்றம், நாலுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையால், அவ்வுயர் அதிகாரிகளிடம் நட்டஈடு கோர அவர்களுக்கு இடமில்லை எனத் தீர்ப்பளித்தது. தீர்ப்பை வாசித்த நாளில் மண்டபத்தில் எவரும் எவரையும் நோக்கித் துப்பாக்கி நீட்டவில்லை.